மதர்போர்டு போன சிஸ்டத்தின் ஹார்ட் டிஸ்க்: ஓட வைப்பதா, ஃபைலை மட்டும் எடுப்பதா?

கார்த்திகை மாதத்தில் என் கடைக்கு வருகிறவர்களில் பலர் சிபியுவைத் தூக்கி வருவதில்லை. துணிப்பையில் ஒரு ஹார்ட் டிஸ்க்கை மட்டும் சுற்றிக்கொண்டு வருவார்கள். “போர்டு போயிடுச்சு தம்பி. டிஸ்கைக் கழட்டி மச்சான் வீட்டு சிஸ்டத்துல மாட்டிப் பார்த்தேன். கறுப்பா ஏதோ இங்கிலீஷ்ல வருது, அதுக்கு மேல போகல.” கடலூர், புதுச்சேரிப் பக்கம் இது ஆண்டுதோறும் நடக்கிற கதை. உப்புக்காற்று ஒரு பக்கம், மின்சாரம் போய்த் திரும்பும்போது வரும் வெட்டு ஒரு பக்கம், தரையில் வைத்த சிபியுவுக்குள் புகும் மழைத்தண்ணீர் ஒரு பக்கம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அடுத்த சில நாட்களில் தென்பெண்ணையிலும் வெள்ளம் வந்தபோது, இரண்டு வாரம் நான் வேறு வேலையே பார்க்கவில்லை.

வாசகர்கள் எழுதிக் கேட்பதும் இதே கேள்விதான். பழைய டிஸ்கை அப்படியே இன்னொரு கம்ப்யூட்டரில் ஓட வைக்க முயல்வதா? புது விண்டோஸ் போட்டு ஃபைல்களை மட்டும் எடுத்துக்கொள்வதா? அதே மாதிரி போர்டைத் தேடிப் பிடிப்பதா? நான்காவதாக ஒரு வழியும் உண்டு. அதை யாரும் கேட்பதில்லை, நானாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல், உங்களுக்கு வேண்டியது ஃபைலா, சிஸ்டமா என்பது. கல்யாண போட்டோ, கணக்கு, கடிதம் இவை போதுமென்றால் டிஸ்க் பூட் ஆக (அதிலிருந்து விண்டோஸ் எழ) வேண்டிய அவசியமே இல்லை. பத்து வருடத்துக்கு முன் யாரோ போட்டுக் கொடுத்த சாஃப்ட்வேர், அதன் சிடியும் இல்லை, போட்டவர் இப்போது துபாயில் இருக்கிறார் என்றால் சிஸ்டமே அப்படியே வேண்டும். வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இந்தக் கேள்வியைத் தங்களிடமே கேட்டுக்கொண்டதில்லை. “எல்லாம் வேணும் சார்” என்பார்கள். கிண்டிக் கேட்டால் டெஸ்க்டாப்பில் இருக்கும் இரண்டு ஃபோல்டர்தான் அந்த ‘எல்லாம்’.

இரண்டாவது, டிஸ்கின் உடல்நிலை. மூன்றாவது, அவசரம்: மாதம் 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி 3பி என்று ஜிஎஸ்டி கணக்குக்குக் காலக்கெடு இருக்கிறவருக்கும், பழைய போட்டோ பார்க்க வேண்டியவருக்கும் ஒரே ஆலோசனை சொல்ல முடியாது. நான்காவது லைசென்ஸ். ஐந்தாவது பணம்; பில்லில் வராத பணத்தையும் சேர்த்துத்தான்.

இவற்றில் டிஸ்கின் உடல்நிலைதான் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிடும். மாட்டியதும் ‘டக் டக்’ என்று சீரான இடைவெளியில் சத்தம் கேட்டால், அல்லது தண்ணீரில் மூழ்கி எடுத்த டிஸ்க் என்றால், இந்தக் கட்டுரையின் எந்த வழியும் உங்களுக்கு இல்லை. கரன்ட் கொடுக்காமல் டேட்டா ரெகவரி செய்கிறவர்களிடம் கொண்டுபோங்கள். அரிசி டப்பாவில் புதைத்து வைக்க வேண்டாம். அதே மாடல் டிஸ்கின் பச்சை போர்டைக் கழற்றி மாட்டுவதும் வேண்டாம். இப்போதைய டிஸ்குகளில் அந்த டிஸ்குக்கென்றே உள்ள அளவீடுகள் போர்டில் இருக்கும் சிப்பில் பதிந்திருக்கும். போர்டை மட்டும் மாற்றினால் டிஸ்க் தன்னையே அடையாளம் கண்டுகொள்ளாது.

சத்தம் இல்லாமல் சுற்றினால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரில் பாருங்கள். ‘ரீஅலொகேட்டட் செக்டார்’, ‘கரன்ட் பெண்டிங் செக்டார்’ இரண்டு வரியிலும் (டிஸ்கில் கெட்டுப்போன, கெட்டிருக்கலாம் என்று சந்தேகப்படும் இடங்களின் எண்ணிக்கை) சுழியம் இருந்தால் நிம்மதி. பெண்டிங்கில் எண் ஏறிக்கொண்டே போனால், முதலில் காப்பி, மற்றதெல்லாம் பிறகு.

## ஏன் ஓடவில்லை? திரையில் வருவதைப் படியுங்கள்

“ஓடல” என்பது ஒரு நோயல்ல, நான்கு நோய்.

கறுப்புத் திரையில் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ அல்லது ‘ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்’ என்று வந்தால், புது மெஷினுக்கு அந்த டிஸ்கில் பூட் செய்ய வேண்டிய இடம் தெரியவில்லை. பயாஸுக்குள் (விண்டோஸ் எழும் முன் வரும் மெஷினின் செட்டிங் திரை) போய் டிஸ்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் கேபிள், பவர், கனெக்டர். தெரிந்தால் பெரும்பாலும் பூட் முறை பொருந்தவில்லை. பழைய விண்டோஸ் 7 டிஸ்குகள் பெரும்பாலும் எம்பிஆர் என்ற பழைய வகை, பழைய பயாஸ் முறையில் பூட் ஆகிறவை. புது மெஷின்கள் யூஇஎஃப்ஐ என்ற புது பூட் முறையில் ஜிபிடி என்ற புது வகை டிஸ்கைத் தேடும். செக்யூர் பூட் என்ற பாதுகாப்பை அணைத்து, பழைய முறையிலும் பூட் ஆக விடும் சிஎஸ்எம் என்ற வசதி இருந்தால் போட்டுப் பார்க்கலாம். புது லேப்டாப்புகளில் சிஎஸ்எம்மே கிடையாது.

விண்டோஸ் சின்னம் வந்து, நீலத் திரையில் ‘இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்’ என்றோ, முடிவில் 7பி என்ற எண்ணோடோ நின்றால் கதை வேறு. விண்டோஸ் எழுந்துவிட்டது, தான் குடியிருக்கும் டிஸ்கை எட்டத்தான் அதற்கு டிரைவர் இல்லை. பழைய போர்டில் சாட்டா கன்ட்ரோலர் (டிஸ்கோடு பேசும் பகுதி) ஐடிஇ என்ற பழைய முறையில் இருந்திருக்கும், புதியதில் ஏஹெச்சிஐ என்ற புது முறை இருக்கும். அல்லது புது இன்டெல் லேப்டாப்பில் விஎம்டி என்ற டிஸ்க் செட்டிங் ஒன்று ஆன் ஆகியிருக்கும்.

‘பிட்லாக்கர் ரெகவரி’ என்று 48 இலக்க எண்ணைக் கேட்டால், டிஸ்க் விண்டோஸின் பூட்டால் பூட்டப்பட்டிருக்கிறது; எந்த மெக்கானிக்கும் உதவ முடியாது. சாவி பழைய போர்டிலிருந்த டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்போடு கட்டப்பட்டது. போர்டு போனதும் அந்த வழி மூடிவிட்டது. மாற்றுச் சாவி பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். ஆனால் யாருடைய கணக்கில்? லேப்டாப் வாங்கிய அன்று கடைப் பையன் அவசரத்தில் தன் மெயில் ஐடியைப் போட்டுத் திறந்து கொடுத்திருந்தால், உங்கள் ஐந்து வருட ஃபைல்களின் சாவி அந்தப் பையனிடம் இருக்கிறது. முத்தியால்பேட்டை அக்கா ஒருவர் இப்படி மூன்று நாள் ஒரு பையனைத் தேடினார். நல்ல வேளை, பாஸ்வேர்டு அவனுக்கு ஞாபகம் இருந்தது.

நான்காவது, வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பது. அது டிஸ்க் சாகும் அறிகுறியாகவும் இருக்கலாம். அரை மணி நேரம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்காமல் அணைத்துவிட்டு, உடல்நிலையைச் சோதியுங்கள்.

## வழி 1: அதே டிஸ்கைப் புது மெஷினில் ஓட வைப்பது

விண்டோஸ் 10, 11 என்றால் இதை முதலில் முயலலாம். விண்டோஸ் 8 முதற்கொண்டே, புது போர்டைப் பார்த்ததும் ‘கெட்டிங் டிவைசஸ் ரெடி’ என்று சொல்லிக்கொண்டு தானே டிரைவர் தேடிக்கொள்ளும். லாஸ்பேட்டையில் கல்லூரி மாணவன் ஒருவனின் லேப்டாப் டிஸ்க் புது லேப்டாப்பில் நீலத் திரையோடு நின்றது. பயாஸில் விஎம்டியை அணைத்தேன். அவ்வளவுதான், டீ வருவதற்குள் வேலை முடிந்தது. அவனிடம் காசு வாங்கக் கூச்சமாக இருந்தது. வாங்கினேன்.

செய்யும் வரிசை முக்கியம். முதலில் டிஸ்கில் எதையும் எழுதாத வேலைகள்: பூட் முறை, சாட்டா முறை, விஎம்டி. புது மெஷினில் ஏற்கெனவே வேறு விண்டோஸ் இருந்தால், மாற்றும் முன் பழைய செட்டிங்கை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அதுவும் எழாது. இவற்றுக்கு மசியாவிட்டால்தான் விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவில் எழுந்து, டிஸ்ம் கட்டளையால் டிரைவரைச் சேர்ப்பது, பிசிடிபூட்டால் பூட் ஃபைல்களைப் புதிதாக எழுதுவது, எம்பிஆர்2ஜிபிடி கொண்டு டிஸ்கையே எம்பிஆரிலிருந்து ஜிபிடிக்கு மாற்றுவது. இவை மூன்றும் டிஸ்கில் எழுதும் வேலைகள். காப்பி எடுக்காமல் தொடக்கூடாது.

எம்பிஆர்2ஜிபிடியில் நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. அது விண்டோஸ் 10-க்காக வந்த கருவி. எக்ஸ்டென்டட் பார்ட்டிஷன் (உள்ளே பல டிரைவ்களை வைக்கும் பெரிய பகுதி) இருந்தால் மறுத்துவிடும். நம்மிடம் வரும் டிஸ்க் ஒவ்வொன்றும் சி, டி, இ, எஃப் என்று நாலாக வெட்டப்பட்டிருக்கும். ஒன்றில் சாமி படம், ஒன்றில் சினிமா. அந்த வெட்டு பெரும்பாலும் எக்ஸ்டென்டட் முறையில் போட்டதுதான்.

மறைந்திருக்கும் செலவு லைசென்ஸில் வரும். சிஸ்டத்தோடு வந்த ஓஇஎம் விண்டோஸ் அந்த போர்டுக்கானது. போர்டோடு அதன் ஆயுள் முடிந்தது. தனியாகக் காசு கொடுத்து வாங்கிய ரீட்டெய்ல் லைசென்ஸைத்தான் மாற்றிக்கொள்ளலாம். இன்னொரு செலவு நேரம். எப்படியோ ஓட வைத்த பழைய விண்டோஸ், பழைய போர்டின் டிரைவர் குப்பையோடு இழுத்துக்கொண்டே கிடக்கும். மூன்று மாதத்தில் ‘ஸ்லோவா இருக்கு’ என்று திரும்ப வருவீர்கள். விண்டோஸ் 10-க்கும் மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

## வழி 2: புது எஸ்எஸ்டியில் புது விண்டோஸ், பழைய டிஸ்க் ஃபைலுக்கு மட்டும்

பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு நான் சொல்வது இதுதான். பழைய டிஸ்கை யூஎஸ்பி கேபிளிலோ டாக்கிலோ (டிஸ்கைச் சொருகும் பெட்டி) மாட்டினால் போதும். லேப்டாப்பின் சின்ன டிஸ்குக்குச் சில நூறு ரூபாய் கேபிள் போதும். டெஸ்க்டாப்பின் 3.5 இன்ச் டிஸ்குக்கு 12 வோல்ட் தனியாக வேண்டும். அடாப்டர் உள்ள டாக் வாங்குங்கள். சின்ன கேபிளில் மாட்டிவிட்டு “டிஸ்க் செத்துடுச்சு” என்று அழுதவர்கள் உண்டு.

மாட்டியதும் விண்டோஸ் இரண்டு விதமாக ஆசை காட்டும். ‘ஃபார்மட் செய்யவா’ என்றால் கேன்சல். ‘ஸ்கேன் செய்து சரி பார்க்கவா’ என்றாலும் காப்பி முடியும்வரை கேன்சல். ஃபோல்டரைத் திறக்க அனுமதி இல்லை என்று வந்தால் மட்டும் கன்டினியூ கொடுத்துக் காத்திருங்கள்; அது பழைய யூசர் பெயரின் பூட்டு, பயப்பட ஒன்றுமில்லை.

எடுக்க மறப்பவை: டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், அவுட்லுக் மெயில் ஃபைல், டாலி கணக்கு சாஃப்ட்வேரின் டேட்டா ஃபோல்டர், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ். பாமினி, வானவில் என்று தமிழ் எழுத்துரு வைத்து வேலை செய்தவர்கள் ஃபான்ட்ஸை விட்டுவிட்டால், பழைய ஃபைலைத் திறக்கும்போது ‘வணக்கம்’ இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் இருக்கும். குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் வராது. ஃபோல்டரைக் காப்பி செய்தாலும் அவை பழைய விண்டோஸ் கணக்கோடு பூட்டப்பட்டவை. டாலி லைசென்ஸைத் திரும்ப ஆக்டிவேட் செய்துகொள்ளலாம். அங்கேயும் அதே கேள்விதான் வரும்: பதிவு செய்த மெயில் ஐடி யாருடையது? பெரும்பாலும் விட்டுப்போன அக்கவுன்டன்ட்டுடையது.

இன்னொன்று, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. புது விண்டோஸ் போடும்போது பழைய டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். மாட்டியிருந்தால், அதில் ஏற்கெனவே பூட் பார்ட்டிஷன் இருப்பதைப் பார்த்து, விண்டோஸ் தன் பூட் ஃபைல்களை அதில் கொண்டுபோய் வைத்துவிடும். பிறகு ஒரு நாள் ‘இது எதுக்கு’ என்று பழைய டிஸ்கைக் கழற்றினால் புது எஸ்எஸ்டியும் எழாது. கஸ்டமர் முன்னால் இது நடந்தால் எப்படி இருக்கும் என்பதை நான் விவரிக்க விரும்பவில்லை.

## வழி 3: அதே மாதிரி போர்டைத் தேடிப் பிடிப்பது

எல்லோருக்கும் பிடித்த வழி இதுதான். எனக்குப் பிடிக்காததும் இதுதான். ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் துழாவுவார்கள், கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு பஸ் ஏறுவார்கள். கிடைப்பது பத்து வருடப் பழைய போர்டு. கெப்பாசிட்டர் உப்பியிருக்கிறதா, இதுவும் எங்காவது வெள்ளத்தில் குளித்து வந்ததா என்பது மாட்டிய பிறகுதான் தெரியும். கேரண்டி என்பது விற்பவர் கடையை எடுத்து வைக்கும்வரைதான். பஸ் செலவு, ஒரு நாள் வேலை இழப்பு, பழைய ரேம் எல்லாம் சேர்த்தால் எஸ்எஸ்டி விலையைத் தாண்டிவிடும்.

அப்படியும் தேடுகிறவர்களுக்கு ஒரு யோசனை: அதே கம்பெனி, அதே மாடல் என்று அலைய வேண்டாம். டிஸ்க் பூட் ஆவதற்கு அதே சிப்செட் குடும்பம் இருந்தால் பெரும்பாலும் போதும். லைசென்ஸ் மட்டும் தனிக் கதை.

இதுவே சரியான வழியாக இருக்கும் இடமும் உண்டு. எடை மேடை, லேப் மெஷின், பழைய கட்டிங் மெஷின் போன்றவற்றோடு சீரியல் போர்ட்டிலோ உள்ளே சொருகிய கார்டிலோ இணைந்த கம்ப்யூட்டர். அங்கே சாஃப்ட்வேரும் கார்டும் போர்டும் ஒரே குடும்பம். நெல்லிக்குப்பம் ரோட்டில் ஒரு எடை மேடைக்காரருக்கு நானே இரண்டு பழைய போர்டு வாங்கிக் கொடுத்தேன். ஒன்று ஓடுகிறது, இன்னொன்று அலமாரியில் காத்திருக்கிறது.

## வழி 4: பழைய சிஸ்டத்தைப் புதியதற்குள் ஓட வைப்பது

யாரும் கேட்காத வழி இது. பழைய டிஸ்கின் முழு நகலை ஒரே ஃபைலாக எடுத்து, புது கம்ப்யூட்டரில் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் சாஃப்ட்வேரில் திறப்பது. பழைய விண்டோஸ் 7 ஒரு ஜன்னலுக்குள், தன் பழைய வால்பேப்பரோடு எழும்.

இதன் அழகே, வழி 1-ல் தலைவலி கொடுத்த இரண்டையும் இங்கே நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பதுதான். கன்ட்ரோலர் ஐடிஇயா சாட்டாவா, பழைய பயாஸா யூஇஎஃப்ஐயா, எல்லாம் மெனுவில் இருக்கிறது. பழைய போர்டில் இருந்ததையே இங்கேயும் வைத்தால் 7பி பெரும்பாலும் வராது. நகல் எடுக்க மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் டிஸ்க்2விஹெச்டி என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது. அதில் விஹெச்டிஎக்ஸ் என்ற டிக்கை எடுத்துவிட்டு விஹெச்டியாக எடுங்கள், விர்ச்சுவல்பாக்ஸுக்கு அதுதான் ஒத்துவரும். ‘சிஸ்டம் ரிசர்வ்ட்’ என்ற குட்டிப் பார்ட்டிஷனையும் சேர்த்து எடுக்க மறக்காதீர்கள். பூட் ஃபைல்கள் அதில்தான் இருக்கும்.

செலவு? கருவிகள் இலவசம். ஆனால் புது மெஷினில் குறைந்தது 8 ஜிபி ரேம், நகலுக்கு இடம், பயாஸில் விர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகியிருப்பது எல்லாம் வேண்டும். சாஃப்ட்வேர் லைசென்ஸுக்காகச் சொருகும் டாங்கிள் பழைய பேரலல் போர்ட் வகை என்றால் வேலை செய்யாது. யூஎஸ்பி டாங்கிளை உள்ளே அனுப்ப முடியும். ஓஇஎம் லைசென்ஸ் சட்டப்படி இங்கேயும் செல்லாது, ஆக்டிவேஷன் கேட்கும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனதால், உள்ளே இன்டர்நெட்டைத் துண்டித்தே வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| | வழி 1: ஓட வைப்பது | வழி 2: புது விண்டோஸ் | வழி 3: பழைய போர்டு | வழி 4: விர்ச்சுவல் |
|---|---|---|---|---|
| கிடைப்பது | சிஸ்டம், ஃபைல் | ஃபைல் மட்டும் | சிஸ்டம், ஃபைல் | சிஸ்டம், ஃபைல் |
| ஆகும் நேரம் | 10 நிமிடம் முதல் 2 நாள் வரை | அரை நாள் | போர்டு கிடைக்கும்வரை | ஒரு நாள் |
| டிஸ்குக்கு ஆபத்து | எழுதும் வேலை வந்தால் அதிகம் | குறைவு | நடுத்தரம் | குறைவு |
| கண்ணுக்குத் தெரியாத செலவு | லைசென்ஸ், வேகக் குறைவு | சாஃப்ட்வேரைத் திரும்பப் போடுவது | அலைச்சல், கேரண்டி இல்லை | ரேம், டாங்கிள், லைசென்ஸ் |
| யாருக்கு | விண்டோஸ் 10/11, நல்ல டிஸ்க் | வீடு, அலுவலகம், டாலி | மெஷினோடு இணைந்த கம்ப்யூட்டர் | சிடி தொலைந்த பழைய சாஃப்ட்வேர் |

இரண்டு வழிகளைச் சேர்த்துச் செய்வதிலும் தவறில்லை. நெல்லித்தோப்பில் டிடிபி கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்கு அப்படித்தான் செய்தேன். விண்டோஸ் 7, அதில் 2001-ல் வந்த பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேர், பதினைந்து வருடக் கல்யாணப் பத்திரிகை டிசைன்கள். போர்டு போனது மார்கழிக் கடைசியில். தை பிறந்தால் முகூர்த்தம், ஆர்டர் குவியும். சண்டே மார்க்கெட்டுக்குத்தான் போவேன் என்று நின்றார். “ஒரு நாள் குடுங்கண்ணே” என்று சொல்லி எஸ்எஸ்டியில் புது விண்டோஸ் போட்டு, அதற்குள் அவருடைய பழைய சிஸ்டத்தை எழ வைத்தேன். முதல் தடவை நீலத் திரை. கன்ட்ரோலரை சாட்டாவிலிருந்து ஐடிஇக்கு மாற்றினேன், அவர் மகளின் சின்ன வயதுப் படம் வால்பேப்பராக வந்து நின்றது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேஜ்மேக்கரைத் திறந்து முதலில் பாமினி சரியாக வருகிறதா என்றுதான் பார்த்தார்.

ஒரு குறை இன்னும் இருக்கிறது. பழைய லேசர் பிரின்டர் அந்த ஜன்னலுக்குள்ளிருந்து ஒழுங்காக வேலை செய்வதில்லை. பிடிஎஃப் எடுத்து வெளியே வந்து பிரின்ட் கொடுக்கிறார், ஒவ்வொரு தடவையும் என்னைத் திட்டிக்கொண்டே. பழைய டிஸ்கை ஃபார்மட் செய்து பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அதே துணிப்பையில் சுற்றி பீரோவுக்குள் வைத்திருக்கிறார்.